கணினித் துறையிற் கலாநிதி ஆராய்ச்சி: இடம் தேடும் நெறி

பல்கலைக்கழகத்திலே சிறப்புப் பட்டம் பெற்று வெளியேறும் மாணவர் முன் இரு வழிகள் உள. ஒன்று தொழில் வழி. மற்றையது ஆராய்ச்சி வழி. கணினி கற்றவர்க்கு முதலாவது வழி இக்காலத்தில் அகலமானது; விரைவிற் பொருள் தருவது. எனினும், அறிந்தவற்றைப் பயன்படுத்துதலோடு அமையாது, அறியப்படாதவற்றை அறியவேண்டும் என்னும் அவாவினால் இரண்டாவது வழியை நாடுவோரும் ஆண்டுதோறும் உளர். அவர்களுட் சிலர் மிக்க திறமை உடையவராயிருந்தும், பல இடங்களுக்கு விண்ணப்பித்துப் பயன் பெறாது சோர்வடைகின்றனர். வேறு சிலர் இடம் பெற்றும், பெற்ற இடம் தமக்கு ஏற்றதன்று என இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் உணர்ந்து வருந்துகின்றனர். இவ்விரு நிலைகளுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே. தாம் தேடும் பொருள் யாது என்பதை அவர்கள் முன்னரே ஆராய்ந்து தெளியவில்லை.

இலங்கையின் கல்வி முறையில் இடம் என்பது புள்ளியினாற் பெறப்படுவது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை முதலாக உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி ஈறாக, மாணவர் அடையும் ஒவ்வோர் இடமும் ஒரு வரிசையில் அவர் நிற்கும் நிலையைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றது. பதினைந்து ஆண்டுகள் இம்முறையிற் பழகியவர், கலாநிதி ஆராய்ச்சிக்கான இடமும் அவ்வாறே பெறப்படுவதென எண்ணுதல் இயல்பே. ஆனால் அவ்விடம் அத்தகையதன்று. ஒரு குறித்த வினாவை ஆராய்தற்பொருட்டு, ஒரு குறித்த ஆசிரியரின் கீழ், ஒரு குறித்த நிதியிலிருந்து, ஒரு குறித்த காலத்திற்குத் திறக்கப்படும் பணி அது. வினா, ஆசிரியர், நிதி, காலம் என்னும் இந்நான்கையும் அறிந்து தேடுபவர்க்கு வழி புலப்படும். பல்கலைக்கழகத்தின் புகழை மட்டும் நோக்கித் தேடுபவர்க்கு அது புலப்படுதல் அரிது.

பட்டத்தின் வரலாறு

கலாநிதி என்னும் பட்டம் ஐரோப்பாவிற் பழமையானதாயினும், புதிய ஆராய்ச்சிக்கு வழங்கப்படும் அதன் இன்றைய உருவம் ஜேர்மனியில் வளர்ந்தது. 1810 ஆம் ஆண்டில், வில்ஹெல்ம் பொன் ஹும்போல்ட்டின் முயற்சியினாற் பேர்லினில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம், கற்பித்தலும் ஆராய்ச்சியும் ஒன்றையொன்று பிரியலாகா என்னும் கொள்கையைத் தனது அடிப்படையாகக் கொண்டது. ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே உண்மையைத் தேடும் இம்முறை பிற நாடுகளையும் கவர்ந்தது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1861 இல் இப்பட்டத்தை முதன்முதலில் வழங்கிற்று. இங்கிலாந்தில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் 1917 இலேயே இதனை ஏற்றுக்கொண்டது. ஆராய்ச்சியை மேற்பார்வை செய்யும் பேராசிரியரை ஜேர்மானியர் இன்றும் “கலாநிதித் தந்தை” எனப் பொருள்படும் சொல்லால் வழங்குவர். பெண் பேராசிரியராயின் “கலாநிதித் தாய்” என்பர். குருகுல மரபை அறிந்த தமிழர்க்கு இச்சொல்லின் பொருள் எளிதில் விளங்கும்.

கணினித் துறை இம்மரபினுட் காலந்தாழ்த்தே புகுந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த எட்ஸ்கர் டெய்க்ஸ்ரா 1959 இல் அம்ஸ்ரடாம் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், அவருடைய திருமணப் பதிவின்போது, தமது தொழில் செய்நிரல் எழுதுதல் என்று அவர் கூறியதை நகர அதிகாரிகள் ஏற்கவில்லை. அப்படியொரு தொழில் இல்லை என்றனர். ஈற்றில் அவர் பௌதிகவியலாளர் என்றே பதியப்பட்டார். 1965 இல் அமெரிக்காவிற் கணினி விஞ்ஞானத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற முதல்வர்களுள் ஒருவர் மேரி கெனத் கெல்லர் என்னும் கத்தோலிக்கத் துறவியாவார். அவர் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் அதனைப் பெற்றார். இத்துணை இளமையான துறையாதலால், அதன் எல்லைகள் இன்னும் இறுகவில்லை. இடம் தேடுவோர் முதலில் அறியவேண்டியது இதுவே.

துறையின் பரப்பு

கணினியோடு தொடர்புடைய ஆராய்ச்சி மூவகைப்படும். கணினியையும் கணிப்பையுமே ஆராய்வது முதல் வகை. படிமுறைகள், செய்நிரல் மொழிகள், வலையமைப்புகள், செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றைப் பற்றிய கணினி விஞ்ஞானம் இதனுள் அடங்கும். கணிக்கும் முறைகளை ஆராய்வது இரண்டாம் வகை. வகையீட்டுச் சமன்பாடுகளையும் பெருந் தாயங்களையும் கணினியினால் தீர்க்கும்போது எழும் வழு எத்துணை, அதனைக் குறைப்பது எவ்வாறு என்பன போன்ற வினாக்களுக்கு விடை காணும் எண்சார் பகுப்பாய்வு இதற்கு உதாரணமாம். கணிப்பைக் கருவியாகக் கொண்டு இயற்கையை ஆராய்வது மூன்றாம் வகை. இதுவே கணிப்பு விஞ்ஞானம் எனப்படுவது.

இம்மூன்றாம் வகையின் வரலாறு ஆர்வமூட்டுவது. லூயிஸ் பிறை றிச்சட்சன் என்னும் ஆங்கிலேயர் முதலாம் உலகப் போரின்போது பிரான்சில் நோயாளர் ஊர்தி ஓட்டுநராகத் தொண்டாற்றினார். அக்காலத்தில் ஐரோப்பாவின் ஒரு பகுதிக்கு ஆறு மணி நேர வானிலையைச் சமன்பாடுகளாற் கணிக்க அவர் முயன்றார். கையினாற் செய்த அக்கணிப்புப் பெரிதும் தவறிற்று. ஆயினும் அவர் அதனை மறைக்காது, 1922 இல் வெளியிட்ட தமது நூலில் முழுமையாக விளக்கினார். 1950 இல் சார்ணி, பியோர்ட்டொவ், பொன் நொய்மன் ஆகிய மூவரும் எனியாக் என்னும் கணினியில் இருபத்துநான்கு மணி நேர வானிலையைக் கணித்தனர். அவ்வாறு கணித்தற்கு ஏறக்குறைய இருபத்துநான்கு மணி நேரமே பிடித்தது. வானிலை கணினியோடு சேர்ந்து ஓடத் தொடங்கிய நாள் அது எனலாம்.

பின்னர் இத்துறை அடைந்த உயர்வை நோபல் பரிசுகளே காட்டும். இரசாயனவியலில் 1998 இல் வோல்ட்டர் கோனும் ஜோன் போப்பிளும், 2013 இல் கார்பிளஸ், லெவிற், வார்ஷெல் ஆகியோரும், கணிப்பு முறைகளை வகுத்தமைக்காகவே பரிசு பெற்றனர். 2021 இற் காலநிலையைக் கணித்த மனாபேயும் ஹாசல்மனும் பௌதிகவியற் பரிசிற் பங்கு பெற்றனர். 2024 இல் இரசாயனவியற் பரிசின் ஒரு பாதி புரதங்களைக் கணினி வழி வடிவமைத்த டேவிட் பேக்கருக்கும், மறுபாதி புரதங்களின் வடிவத்தைச் செயற்கை நுண்ணறிவினால் முன்னறிந்த டெமிஸ் ஹசாபிசுக்கும் ஜோன் ஜம்பருக்கும் வழங்கப்பட்டது. ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஹசாபிசு கலாநிதிப் பட்டம் பெற்றது நரம்பு விஞ்ஞானத்தில். ஜம்பர் பெற்றது கோட்பாட்டு இரசாயனவியலில். இருவரும் கணினித் துறைக்கு வெளியேயே அப்பட்டத்தைப் பெற்றனர்.

இதிலிருந்து இடம் தேடுவோர் அறியவேண்டிய உண்மை தெளிவு. கணிப்பு ஆராய்ச்சிக்குரிய இடங்கள் ஒரே கட்டடத்தினுள் இல்லை. வானிலை பற்றியது வளிமண்டலவியல் துறையில் இருக்கும். மருந்து பற்றியது இரசாயனவியல் துறையில் இருக்கும். பாலத்தின் தாங்குதிறன் பற்றியது குடிசார் பொறியியல் துறையில் இருக்கும். மரபணு பற்றியது உயிரியல் நிறுவகத்தில் இருக்கும். கணினி விஞ்ஞானத் துறையின் அறிவித்தல்களை மட்டும் படிப்பவர் இவற்றுட் பெரும்பகுதியைக் காணமாட்டார். செயற்கை நுண்ணறிவு முதலிய வழக்கிலுள்ள பொருள்களுக்குப் போட்டி கடுமையாயிருக்கும் இந்நாளில், நன்கு செய்நிரல் எழுதத் தெரிந்த மாணவரை வேண்டி நிற்கும் பிற துறைகள் பலவுள என்பதை மறத்தலாகாது. கணிதமோ பௌதிகவியலோ சிறப்புப் பாடமாகக் கற்றவர்க்கும் இவ்வாயில் திறந்தே உள்ளது.

நிதியும் இடமும்

ஒருவரின் ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வருகின்றது என்பதே, அவ்விடத்தை எப்போது, எவரிடம், எவ்வாறு கேட்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றது. இது நாட்டுக்கு நாடு வேறுபடும்.

ஜேர்மனியிற் கலாநிதி ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் ஊழியராகவே அமர்த்தப்படுகின்றனர். பேராசிரியர் ஒருவர் தமக்குக் கிடைத்த ஆராய்ச்சி நிதியிலிருந்து பதவியொன்றை விளம்பரஞ் செய்வார். பல்கலைக்கழகங்களில் வேதனம் பெரும்பாலும் மாநில அரசுச் சேவையின் 13 ஆம் வேதனத் தொகுதிப்படி அளிக்கப்படும். ஆயினும் பதவி முழுநேரமாகவோ, மூன்றில் இரு பங்காகவோ, அரைப்பங்காகவோ இருக்கலாம். விளம்பரத்தில் அதனைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். பொதுவாக முதுமாணிப் பட்டம் வேண்டப்படும். சார்புறூக்கனிலுள்ள மக்ஸ் பிளாங் கணினியியல் நிறுவகம் போன்ற சில இடங்களில் இளமாணிப் பட்டத்துடனும் புகுதற்குரிய ஆராய்ச்சிப் பள்ளிகள் உள.

நெதர்லாந்தில் கலாநிதி மாணவர் பொதுவாக நான்காண்டு ஒப்பந்தத்தில் வேதனம் பெறும் ஊழியராவார். அந்நாட்டுப் பதவிகள் அக்கடமிக் றான்ஸ்பர் என்னும் இணையத்தளத்தில் ஒருங்கே வெளியிடப்படுகின்றன. பைத்தன் மொழி பிறந்த இடமாகிய அம்ஸ்ரடாம் கணித, கணினியியல் நிலையமும் இவ்வாறே மாணவரை அமர்த்துகின்றது. சுவீடனில் இடங்கள் பகிரங்கமாக விளம்பரஞ் செய்யப்படுதலும், முழுக் காலத்திற்குமுரிய நிதி முன்னரே உறுதிப்படுத்தப்படுதலும் விதி. அங்கு ஆராய்ச்சிக்கு நான்காண்டுகள் உரியன. கற்பித்தற் கடமையும் சேரின் அது ஐந்தாண்டு வரை நீளும்.

அமெரிக்காவின் முறை வேறானது. அங்கே மாணவரைத் தெரிவது தனி ஆசிரியரன்று. துறையின் தெரிவுக் குழுவே. இளமாணிப் பட்டம் போதும். கற்கை ஐந்து ஆறு ஆண்டுகள் நீளும். கற்பித்தல் உதவியாளராகவோ ஆராய்ச்சி உதவியாளராகவோ பணியாற்றுவதன் மூலம் கற்கைக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் ஈடுசெய்யப்படும். பெரும்பாலான துறைகளின் விண்ணப்ப முடிவுநாள் டிசெம்பர் மாதத்தில் அமையும். ஏப்பிரல் 15 ஆம் திகதிக்கு முன் விடையிறுக்குமாறு மாணவரை நெருக்குதல் ஆகாதென்னும் உடன்பாட்டினைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்றுள்ளன. ஆகவே அவசரப்பட்டு முதலில் வந்த இடத்தை ஏற்கவேண்டியதில்லை.

பிரித்தானியாவில் இடமும் பணமும் வெவ்வேறாக இருத்தலே வெளிநாட்டு மாணவரை மயக்குவது. பல்கலைக்கழகம் அனுமதிக் கடிதம் தரலாம். அதனாற் பணம் கிடைத்ததென்று கருதலாகாது. வெளிநாட்டு மாணவரின் கற்கைக் கட்டணமோ உள்நாட்டவர் கட்டணத்தினும் மிகப் பெரிது. அரசின் ஆராய்ச்சி நிதியமைப்பு வழங்கும் உதவிப்பணங்கள் 2021 இல் வெளிநாட்டவர்க்கும் திறக்கப்பட்டன. ஆயினும் அவர்க்குரிய பங்கு 30 சதவீதத்தை மிஞ்சலாகாதென வரையறுக்கப்பட்டது. நிதியில்லாத அனுமதிக் கடிதத்தை நம்பிக் காணியை ஈடுவைத்துப் புறப்படுதல், மாணவர்க்கு மட்டுமன்றி அவர் குடும்பத்திற்கும் கேடாய் முடியும்.

இவற்றின் வேறாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்கொடொவ்ஸ்கா கியூரி கலாநிதி வலையமைப்புகள் உள. பல நாட்டு நிறுவனங்கள் ஒரு பொருளில் ஒன்றுசேர்ந்து, ஏறத்தாழப் பத்துப் பதினைந்து மாணவரை ஒரே முறையில் அமர்த்தும். எந்நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பணியேற்கும் நாளுக்கு முந்திய 36 மாதங்களில், அந்த நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தவராகவோ தொழில் புரிந்தவராகவோ இருத்தலாகாது. இலங்கையிலிருந்து நேரே விண்ணப்பிக்கும் மாணவர்க்கு இவ்விதி எந்நாட்டிலும் தடையன்று. இரண்டாண்டு ஜேர்மனியில் முதுமாணி கற்றவர்க்கோ அந்நாட்டிலுள்ள இடம் மூடப்பட்டிருக்கும். அவர் அதே வலையமைப்பின் பிரெஞ்சு இடத்தையோ இத்தாலிய இடத்தையோ கேட்கலாம். இவ்விடங்கள் யூராக்செஸ் என்னும் ஐரோப்பியத் தளத்தில் அறிவிக்கப்படும்.

ஈற்றில், ஆளுக்கு அளிக்கப்படும் புலமைப்பரிசில் என்னும் பழைய வழியும் உண்டு. 1954 இல் தொடங்கிய யப்பானிய அரசின் புலமைப்பரிசிலும், ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையின் உதவிகளும் இவ்வகையின. இவற்றைப் பெறுபவர் தமது பணத்தைத் தாமே கொண்டு செல்பவராதலால், தமக்கேற்ற ஆசிரியரைத் தெரியும் உரிமை அவர்க்கு மிகுதி. எனினும் விண்ணப்பிக்குமுன்னரே ஆசிரியர் ஒருவரின் சம்மதத்தைப் பெற்றிருத்தல் பெரிதும் துணைசெய்யும்.

வினாவிலிருந்து தொடங்குதல்

விளம்பரங்களை நாளும் படித்தல் தேடுதலின் ஒரு பாதியே. மறுபாதி, வினாவிலிருந்து ஆசிரியரை நோக்கிச் செல்லுதல். மாணவர் தம் இறுதியாண்டு ஆய்வில் தமக்கு மிகவும் பிடித்த ஒரு பொருளை எடுத்துக்கொள்ளட்டும். அதுபற்றி அண்மையில் வந்த ஐந்தாறு கட்டுரைகளைப் படிக்கட்டும். 1991 இல் தொடங்கப்பட்ட ஆர்க்கைவ் என்னும் தளத்திற் கணிதம், பௌதிகவியல், கணினி விஞ்ஞானம் ஆகியவற்றின் கட்டுரைகள் விலையின்றிக் கிடைக்கின்றன. நூலக வசதி குறைந்த ஊரில் வாழ்பவர்க்கும் அவை எட்டும். அக்கட்டுரைகளில் மீண்டும் மீண்டும் வரும் பெயர்கள் எவை, அவர்கள் எங்கே பணிபுரிகின்றனர், அவர்களுடைய மாணவர் எவர், நன்றியுரையிற் குறிக்கப்படும் நிதி எது என்று நோக்கினால், ஒரு மாதத்தினுள் பத்துப் பன்னிரண்டு ஆய்வுக்குழுக்களின் பட்டியல் கைக்கு வரும். புதிய நிதி பெற்ற குழுவே புதிய மாணவரை வேண்டும். ஆகையால் நிதி கிடைத்த செய்தி விளம்பரத்திற்கு முன்னறிவித்தலாகும்.

எண்சார் பகுப்பாய்வை நாடுவோர்க்கு, என். ஏ. டைஜஸ்ட் என்னும் செய்தியிதழ் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது. ஆராய்ச்சி இடங்கள் பலவும் அதில் அறிவிக்கப்படும்.

இவ்வாறு தேடும் காலத்திலேயே மாணவர் தம் திறமைக்குச் சான்றுகளையும் ஆக்கிக்கொள்ளுதல் வேண்டும். கணிப்பு விஞ்ஞானத்திற்குரிய பெரும் செய்நிரல்கள் பல எவரும் பெறத்தக்கனவாய்த் திறந்து கிடக்கின்றன. மூலக்கூறுகளின் அசைவைக் கணிக்கும் கிரோமாக்ஸ் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. பெருஞ் சமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்க்கும் பெற்சி அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்டது. இவற்றுள் ஒன்றைக் கற்று, வெளிவந்த கட்டுரை ஒன்றிலுள்ள முடிவைச் சாதாரண கணினியிலே திரும்பச் செய்து பார்த்து, கண்ட வேறுபாட்டை எழுதிவைத்தல் ஒரு மாணவரால் இயலும். விலையுயர்ந்த ஆய்வுகூடம் வேண்டும் பிற துறைகளில் இவ்வாய்ப்பு இல்லை. யாழ்ப்பாணத்து மாணவரும் சூரிச் மாணவரும் ஒரே செய்நிரலை ஒரே நாளிற் பெறக்கூடிய துறை இதுவாகும்.

கடிதமும் நற்சான்றும்

ஆசிரியர்க்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்திற்கு மேற்படலாகாது. அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தார், அதில் எவ்விடத்தில் தமக்கு ஐயமோ ஆர்வமோ எழுந்தது, அதனோடு தொடர்புடையதாகத் தாம் முன்னர் என்ன செய்தார், வரும் ஆண்டில் இடம் உண்டா என்னும் நான்கினையும் மாணவர் தெளிவாக எழுதினாற் போதும். பெயரை மட்டும் மாற்றி நூறு பேருக்கு அனுப்பும் கடிதம் முதல் வரியிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். புகழ்ச்சி மொழிகள் அங்கே பயன் தாரா. விடை வராதபோது இரண்டு வாரங்களின் பின் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வற்புறுத்துதல் தகாது. விடை வராமை திறமையின்மைக்குச் சான்றன்று. பலவேளைகளில் அக்குழுவிற் பணம் இல்லை என்பதே அதன் பொருள்.

நற்சான்றுக் கடிதம் பற்றி ஆசிரியர்களும் சிந்தித்தல் நன்று. மாணவர் ஒழுக்கமுடையவர், கடமையுணர்வுடையவர், வகுப்பிற் சிறந்தவர் என்னும் பொதுச் சொற்களோடு முடியும் கடிதம், அன்போடு எழுதப்பட்டதாயினும் மாணவர்க்குத் துணைசெய்யாது. தெரிவுக் குழு அறிய விரும்புவது வேறு. செய்நிரல் பிழைத்தபோது மாணவர் யாது செய்தார்? சொல்லிக் கொடாத ஒன்றைத் தாமே கண்டதுண்டா? முன்னர் கற்பித்தோருள் எவரோடு ஒப்பிடத்தக்கவர்? இவற்றிற்கு விடையாக ஓர் உண்மை நிகழ்ச்சியை எழுதும் கடிதமே மதிக்கப்படும். அவ்வாறு எழுதுதற்கு ஆசிரியர் மாணவரை அறிந்திருத்தல் வேண்டும்; அதற்கு மாணவர் இறுதியாண்டிலன்றி முன்னரே ஆசிரியரை அணுகியிருத்தல் வேண்டும். கடிதம் கேட்போர் முடிவுநாளுக்கு ஒரு மாதமேனும் முன்னதாகக் கேட்டல் மரியாதையுமாகும்.

ஏற்குமுன் ஆராய வேண்டியவை

இடம் கிடைத்த மகிழ்ச்சியில் ஆராயாது ஏற்போர் பலர். நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியர் இலக்கணத்தைக் கூறியதோடு அமையாது, ஆசிரியராதற்குத் தகாதவரையும் நான்கு உவமைகளாற் சுட்டுகின்றது. கழற்காய் பெய்த குடம், மடல் நிறைந்த பனை, பஞ்சடைத்த குண்டிகை, வளைந்த தென்னை என்பன அவை. இட்ட முறையிலன்றிக் கண்டவாறு கொட்டுவது குடம். இன்று ஒரு பொருளையும் நாளை வேறொரு பொருளையும் ஆராயச் சொல்லும் மேற்பார்வையாளர் இவ்வகையினர். தானே பழத்தை உதிர்த்தாலன்றி எவரையும் அண்ட விடாதது மடற்பனை. புகழ் மிகப் பெற்று, மாணவர் ஆண்டுக்கு இருமுறை மட்டுமே காணத்தக்கவராயிருப்பவர் இவர். வருந்தி அடைத்த பஞ்சை வருந்தியே வெளிவிடுவது குண்டிகை. அறிந்ததை எடுத்துக்கூற இயலாதவர் இவர். ஒருவர் நீர்வார்க்க மற்றொருவர் வளவிற் காய் சொரிவது வளைந்த தென்னை. மாணவர் உழைப்பின் பயனைப் பிறர்க்களிக்கும் ஆசிரியர் இவரே. பல நூற்றாண்டுகளுக்கு முன் பவணந்தியார் கூறிய இந்நால்வரும் இன்றைய ஆய்வுகூடங்களிலும் உளர்.

இவர்களை இனங்காணும் வழி ஒன்றே. அக்குழுவில் இப்போது பயிலும் மாணவரிடமும், முன்னர் பயின்று நீங்கியவரிடமும் தனித்துக் கேட்டல் வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆசிரியரைச் சந்திக்கின்றனர்? கட்டுரையில் மாணவர் பெயர் முதலில் வருகின்றதா? பட்டத்தை எத்தனை ஆண்டில் முடித்தனர். முடிக்காது நீங்கியவர் உளரா? இன்று அவர்கள் எங்கே பணிபுரிகின்றனர்? கேட்க நாணி விட்ட வினாவுக்குரிய விலையை மாணவர் நான்கு ஆண்டுகளாற் செலுத்த நேரும்.

ஒப்பந்தம் பற்றிய வினாக்களும் உள. நிதி எத்தனை மாதங்களுக்கு உறுதியானது? அது தீர்ந்தபின் ஆய்வேடு முடியாவிடின் யாது வழி? கற்பித்தற் கடமை வாரத்திற்கு எத்தனை மணி? கணிப்பு விஞ்ஞானத்திற்கு இன்னொன்றும் சேரும்: குழுவுக்கு மீக்கணினியிற் கணிப்பு நேரம் உண்டா? பின்லாந்தின் கயானியிலுள்ள லூமி, ஜேர்மனியின் யூலிக்கில் 2025 இல் தொடக்கிவைக்கப்பட்ட ஜூப்பிற்றர் போன்ற பெரும் பொறிகளில் நேரம் பெறுதற்குத் தனியே விண்ணப்பித்தல் வேண்டும். அவ்வழக்கமில்லாத குழுவில், பெரிய வினாவை எடுத்துக்கொண்ட மாணவர் கருவியின்றி நிற்பர்.

ஏமாற்றுவோரும் இத்துறையில் உளர். சில பல்கலைக்கழகங்கள், குறிப்பாக அமெரிக்காவில் உள்ளவை, விண்ணப்பக் கட்டணம் வாங்குதல் உண்மையே; அது அப்பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்திலேயே செலுத்தப்படும். இடம் உறுதி என்று கூறி இடைநின்று பணம் கேட்பவர் எவராயினும் அவரை விட்டு விலகுதலே அறிவுடைமை. உண்மையான ஆராய்ச்சிப் பதவி வேதனம் தருவதேயன்றி வேதனம் வாங்குவதன்று.

முடிவுரை

இடம் தேடும் காலம் ஓராண்டு நீளலாம்; சிலருக்கு ஈராண்டும் ஆகலாம். அக்காலத்தில் தொழில் புரிதல் இழுக்கன்று. தொழிலில் எழுதிய செய்நிரலும் விண்ணப்பத்திற் சான்றாகும். வெளிநாடுகளில் இத்துறையில் அமர்ந்துள்ள பழைய மாணவர், கல்லூரியின் இளைய தலைமுறைக்குச் செய்யத்தக்க உதவிகளுட் சிறந்தது பணவுதவி மட்டுமன்று. தம் குழுவில் இடம் திறக்கும்போது அறிவித்தலும், ஒரு கடிதத்தைத் திருத்திக் கொடுத்தலும், நேர்முகத்திற்கு முன் ஒரு மணி நேரம் வினாக்கள் கேட்டுப் பழக்குதலும் அதனினும் மேலாகும்.

புள்ளி வரிசையில் முதலிடம் பெறாதவர்க்கும் இவ்வழி மூடப்படவில்லை. வரிசையில் முன்னிற்போரைத் தேடுவது பரீட்சை. ஒரு வினாவை நான்கு ஆண்டு விடாது பற்றி நிற்பவரைத் தேடுவது ஆராய்ச்சி. தவறிய கணிப்பையும் மறையாது வெளியிட்ட றிச்சட்சனின் நூலே பின்வந்தோர்க்கு வழி காட்டியது. தமக்குரிய வினாவைக் கண்டுகொண்டவர் அதனை ஆராயும் குழுவை அறிந்துகொள்வர்; அக்குழுவை அறிந்தவர் அங்கு செல்லும் வாயிலையும் காண்பர். அவ்வினாவைக் காணும் முயற்சி வெளிநாட்டிலன்று, கல்லூரியின் நூலகத்திலும் கணினிக் கூடத்திலுமே தொடங்கவேண்டியது.